கசந்த நுரை

அத்தியாயம் 5

வண்டியை விட்டு இறங்கி ஒரு மூச்சு இழுத்தேன். அதோடு சரி. அடுத்த மூச்சுக்கு என் மூக்கு ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

“என்ன இலாரியோ, மூஞ்சி கோணிக்கிட்டுப் போகுது?” என்று கேட்டார் காசிமிரா வராச்சி.

“மேடம், உங்களுக்கு மூக்கு செத்துப் போச்சு. குடுத்து வெச்சவங்க. என்னோடது இன்னும் உசுரோட இருக்கு. இப்பத்தான் சாகப் போகுது.”

அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. காசிமிரா சுங்கத் துறையில் இருந்தவர். எல்லையில் நிற்கிற லாரிகளில் பால் கேனைத் திறந்து, உள்ளே இருப்பது பாலா கடத்தல் பெட்ரோலா என்று முகர்ந்து முகர்ந்தே மூக்கு போயிற்று. கூடவே நாக்கின் ருசியும் போயிற்று. இப்போது ஓருரோ நகரத்தில் தனியார் துப்பறிவாளர். நான் அவருக்கு உதவியாள். அதற்கு முன்னால் மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தேன். வாய்தான் என் மூலதனம். அந்த வாய்க்கு அன்று என்ன கதி நேரப் போகிறதென்று தெரிந்திருந்தால் வண்டியை விட்டு இறங்கியே இருக்க மாட்டேன்.

விலாபாத்தா, உப்புப் பாலையின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். நாற்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் அறுவடை முடிந்த கினோவாத் தானிய வயல். மழை பெரும்பாலும் வேறு ஊருக்குத்தான் பெய்யும். குளிர் இருக்கும், காற்று இருக்கும், தூசி இருக்கும். இவ்வளவு காய்ந்து கிடக்கிற ஊரில் எதுவும் அழுக வாய்ப்பே இல்லை. அன்று ஏதோ நன்றாகவே அழுகியிருந்தது.

எங்களை வரவழைத்த பசிலியா யாங்கே, ரப்பர் பூட்ஸோடு தெருமுனையில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வரவேற்கிற முகமாகத் தெரியவில்லை.

“வந்துட்டீங்களா? மத்தியானம் கூட்டம் போட்டு என் நிலத்தைப் பிடுங்கப் போறாங்க. நீங்க டீ கீ குடிச்சிட்டு மெதுவா வாங்க” என்றாள்.

“கோபப்படாதம்மா. எதுக்குப் பிடுங்கறாங்க?” என்றார் காசிமிரா.

“புழுவைக் கொன்னுட்டேனாம்.”

“எதை அக்கா?” என்றேன்.

“புழுய்யா! மண்புழு! காதை அடைச்சுக்கிட்டு வந்தியா?”

“மூக்கைத்தான் அடைச்சிருக்கேன்.”

அவள் என்னை முறைத்துவிட்டு நடந்தாள். நடந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். ஊரின் கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டிக்கு வருகிறது. தொட்டி நிறைய மரத்தூள், மரத்தூள் நிறைய மண்புழு, அடியில் கல். அழுக்குத் தண்ணீரை மேலே தெளித்தால் புழு அழுக்கைத் தின்றுவிடும், அடியில் ஓரளவு தெளிந்த தண்ணீர் வரும். அதை ஆல்ஃபால்ஃபா புல்லுக்குப் பாய்ச்சினால் லாமாக்கள் மேயும். வெளியூர் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்தது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பசிலியாவுக்கு. போன வாரம் அவள் சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்க நுரை, புழு அத்தனையும் செத்துக் கிடந்தன.

இந்தப் பக்கத்தில் நிலம் ஊருக்குச் சொந்தம். ஊர் கொடுத்த பொறுப்பை ஒழுங்காகச் செய்கிறவருக்குத்தான் அதில் பங்கு. பசிலியா விதவை, இரண்டு பிள்ளைகள். மலைச்சரிவில் இருக்கிற அந்த வயல் போனால், மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான்.

“உப்புப் பாலை ஓட்டலுக்கு வர்ற வெள்ளைக்காரங்க துணியை நான் துவைக்கறேன். அந்த சோப்புத் தண்ணிதான் புழுவைக் கொன்னுதுன்னு தலைவர் சொல்றார். நுரைன்னா சோப்புதான்னு தொண்டு நிறுவன எஞ்சினீயரும் போன்லயே சொல்லிட்டாராம். வந்து பார்க்கக்கூட இல்ல அந்த ஆளு” என்றாள்.

தலைவர் எதிரிலேயே வந்தார். மெலித்தோன் கோப்பா. தலை வழியாக மாட்டிய சிவப்புப் போன்ச்சோப் போர்வை, கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல், மார்பில் தொங்குகிற நெய்த பை. இந்த வருடத் தலைமை அவர் முறை. அதற்காகவே சிலி நாட்டிலிருந்து திரும்பி வந்தவர், அங்கே பல வருடம் சுரங்கத்தில் வேலை.

“ஓருரோவிலேர்ந்து வந்திருக்கீங்க. முதல்ல ஒரு பிடி எடுத்துக்குங்க” என்று பையைத் திறந்து கோக்கா இலையை அள்ளி நீட்டினார்.

தலைவர் கையால் கொடுக்கிற கோக்காவை மறுத்தால் ஊரையே அவமதித்த மாதிரி. இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டோம்.

“நீங்க எடுத்துக்கலியா தலைவரே?” என்றேன்.

“சுரங்கத்துல இலை மெல்ல விடமாட்டாங்க தம்பி. பழக்கமே விட்டுப் போச்சு. இந்தப் பை விருந்தாளிக்கும் கூட்டத்துக்கும்தான்.”

நான் மென்றேன். இரண்டாவது கடியில் நாக்கு சுருண்டது. கோக்கா கசக்கும்தான், இது அந்தக் கசப்பில்லை. வாய் நிறைய எச்சில் ஊறி, பல்லிடுக்கில் எல்லாம் நுரை கிளம்பியது. எந்தக் காலத்து இலையோ, கஞ்சன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, மரியாதைக்காக எல்லாவற்றையும் விழுங்கித் தொலைத்தேன்.

“பசிலியா நல்ல பொண்ணுதான்” என்றார் மெலித்தோன் குரலைத் தாழ்த்தி. “கவனம் போதல. அடுத்த வாரம் தொண்டு நிறுவனத்துக்காரங்க பார்க்க வர்றாங்க. ஊர் மேல தப்பில்லன்னு காட்டினாத்தான் குடிதண்ணிக் குழாய்க்கும் உதவி பண்ணுவாங்க. வேற வழியில்ல.”

சொல்லிவிட்டு அவர் போனார். பசிலியா அவர் போன திசையில் காறித் துப்பினாள்.

தொட்டியின் மேல் பிளாஸ்டிக் கூடாரம். அதன் மறைப்பை அவள் விலக்கியதும் சூடான காற்று முகத்தில் அடித்தது. மரத்தூள் மேலெல்லாம் கறுத்துப் பிசுபிசுத்த ஒரு விரிப்பு. உற்றுப் பார்த்த பிறகுதான் அது விரிப்பில்லை, செத்த புழு என்று புரிந்தது. அதன் மேல் கொழுத்த ஈக்கள். அவற்றில் ஒன்று என் உதட்டில் வந்து உட்கார்ந்தது. அங்கேயிருந்து இங்கே! நான் வெளியே ஓடிப்போய் வயிற்றில் இருந்ததையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு வந்தேன்.

காசிமிரா ஏதோ பூந்தோட்டத்துக்கு வந்தவர் போலத் தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“பசிலியா, குழாய் வாய் எந்தப் பக்கம்?”

“இந்தப் பக்கம்.”

“எதிர் மூலைக்குத் தண்ணி போகுமா?”

“அங்க சரியா எட்டாது. குளிர் நாள்ல புழுவெல்லாம் அந்த மூலையிலதான் போய்ச் சுருண்டு கிடக்கும்.”

“இலாரியோ, அந்த மூலையைப் பாரு.”

பார்க்க எனக்கு விருப்பமே இல்லை. பார்த்தேன். அந்த மூலையிலும் புழுக்கள் சுவரில் பாதி தூரம் ஏறி, ஏறியபடியே காய்ந்து ஒட்டிக் கிடந்தன. நான்கு பக்கச் சுவரிலும் அப்படித்தான்.

“சோப்புத் தண்ணி குழாய் வழியா வந்திருந்தா, குழாய்க்கிட்ட இருக்கறது சாகும், தூரத்துல இருக்கறது பொழைச்சுக்கும்” என்றார் காசிமிரா. “இங்க எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல தப்பிச்சு ஓடப் பார்த்திருக்கு. இது குழாய்ல வந்த தண்ணியால இல்ல. மேல கையால தூவினது.”

“எதைத் தூவினாங்க?” என்றாள் பசிலியா.

காசிமிரா தொட்டி விளிம்பைக் காட்டினார். அங்கே நுரை காய்ந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

“நல்லா நுரைச்சிருக்கு. தலைவர் குடுத்த இலைக்கு என் வாய் நுரைச்ச மாதிரி” என்றேன். சும்மா வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

காசிமிரா சட்டென்று திரும்பினார். “என்ன சொன்னே?”

“வாய் நுரைச்சுதுன்னேன். கசப்புன்னா அப்படியொரு கசப்பு. உங்களுக்கு ஒண்ணும் தெரியலியா?”

“எனக்கு அட்டையும் ஒண்ணுதான், இலையும் ஒண்ணுதான். உதட்டுல ஏதோ ஈரம் பட்டுச்சு, துடைச்சிட்டேன்.” அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தப் பொருக்கைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது.

“மேடம், வேண்டாம்.”

“ஒரு துளி போதும்.”

“மேடம், இது நாற்பது வீட்டுக்காரங்க கக்கூஸ்ல போனது!”

“என் நாக்கு வேலை செஞ்சா நானே செஞ்சிருப்பேன். அந்த இலையை ருசிச்ச நாக்கு உன்னோடது மட்டும்தான். ரெண்டும் ஒரே கசப்பான்னு உலகத்துல உன் ஒருத்தனாலதான் சொல்ல முடியும்.”

“இப்படியொரு பெருமை எனக்கு வேண்டவே வேண்டாம்.”

“அந்தப் பொண்ணோட நிலம், இலாரியோ.”

பசிலியா கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, இவனாவது செய்வதாவது என்கிற மாதிரி நின்றாள். அதுதான் என்னை உசுப்பிவிட்டது. விரல் நுனியால் விளிம்பைச் சுரண்டினேன். கண்ணை மூடினேன். என்னைப் பெற்றவளிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாக்கில் வைத்தேன்.

அந்த நொடியை நான் விவரிக்கப் போவதில்லை. நீங்களும் சாப்பிடுகிறவர்கள்தானே.

“அதேதான்” என்று கத்தினேன். “அதே கசப்பு, அதே கருமம்! தண்ணி! யாராவது தண்ணி குடுங்க!”

பசிலியா இடுப்பில் இருந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டாள். நான் வாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும்போது அவளும் பொருக்கைச் சுரண்டி விரலில் தேய்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். அடுக்கடுக்காகத் தும்மினாள்.

“கினோவாத் தோல் தூள்” என்றாள். அவள் முகம் மாறியிருந்தது. “தானியத்தை மெஷின்ல தேய்க்கறப்போ வர்ற மஞ்சத் தூள். கசப்புக்குப் பயந்து குருவிகூடத் தொடாது. வயல்ல புழு விழுந்தா இதைத்தான் தூவுவோம்.”

“மண்புழு மேல விழுந்தா?”

“உடம்பு எரிஞ்சு மேல ஏறி ஓடி வரும். அப்புறம் செத்துப் போகும்.” அவள் மண்வெட்டியை எடுத்தாள். “மெலித்தோன்! மார்ல பையைத் தொங்கவிட்டுக்கிட்டே தூவியிருக்கான் பாவி! தூளெல்லாம் பையில விழுந்திருக்கு. அவன் மெல்றதில்ல, அதான் அவனுக்கே தெரியல!”

“மண்வெட்டியைக் கீழ போடும்மா” என்றார் காசிமிரா. “கூட்டத்துல பார்த்துக்கலாம். அந்தப் பையை அவர் கையாலேயே திறக்க வைக்கறேன்.”

பள்ளிக்கூட முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம் பெஞ்சில், பெண்கள் ஒரு பக்கம் தரையில், பாவாடையை விரித்து. மெலித்தோன் கோலை ஊன்றி நடுவில் நின்றார். பசிலியா தனியாக நின்றாள். அவள் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை.

“தலைவரே, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள்” என்றார் காசிமிரா, சுங்கச்சாவடியில் லாரிக்காரனிடம் பேசுகிற அதே இனிப்பான குரலில். “ஒரு பொண்ணோட நிலத்தை எடுக்கற கூட்டம். வழக்கப்படி உங்க பையிலேர்ந்து எல்லாருக்கும் ஒரு பிடி குடுத்துட்டு ஆரம்பிச்சா முறையா இருக்கும்.”

மறுக்க முடியாத வழக்கம். மெலித்தோன் பெருமையோடு பையைத் திறந்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் மென்றார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். இதோ ஒருவர் துப்பப் போகிறார், இதோ ஒருத்தி கத்தப் போகிறாள், இதோ தலைவரின் மானம் கப்பலேறப் போகிறது.

முதலில் ஒரு பெரியவரின் உதட்டோரம் நுரை வந்தது. பிறகு பெண்கள் பக்கம் ஒருத்தி சால்வையால் வாயைத் துடைத்தாள். அடுத்தவள் துடைத்தாள். முற்றம் முழுக்க வாய் துடைத்துக்கொண்டிருந்தது. ஒருவரும் துப்பவில்லை. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் குழம்பிப்போய்க் காசிமிராவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அப்படியொரு அருவருப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. தொட்டியருகே நின்றபோதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை.

“நல்லா இருக்கா?” என்று கேட்டார் காசிமிரா.

தலைகள் இன்னும் தாழ்ந்தன.

“சின்ன வயசுலேர்ந்து உங்களுக்குத் தெரிஞ்ச கசப்பு. தலைவர் பையில அது எப்படி வந்துதுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலியே? ஒரு ஆள் பண்ணின வேலைன்னு நெனச்சு வந்தேன். தப்பாயிடுச்சு. கேக்காததுக்குக் காரணம், எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி முனகினாள். “வீட்டுக்கு ஒரு டப்பா தூள். நானும் ஒரு டப்பா குடுத்தேன்.”

“அத்தை, வாயை மூடு” என்றது ஆண்கள் பக்கம்.

“நான் ஏன் மூடணும்? நீயும்தான் குடுத்தே! ஊரேதான் குடுத்துது!”

பசிலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மெலித்தோன் கோலைப் பிடித்திருந்த கையை மாற்றினார். “கெட்ட எண்ணம் இல்ல” என்றார். “நான் இங்க இல்லாத காலத்துல கட்டின தொட்டி. மறைப்பை விலக்கிப் பார்த்தேன், ஒரே புழு. வெளியூர்க்காரங்க வந்து பார்த்தா என்ன நெனைப்பாங்க? விலாபாத்தா புழுத்துப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்களா? விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி வயலைச் சுத்தம் பண்ற மாதிரி பண்ணிடலாம்னு எல்லார்கிட்டயும் தூள் கேட்டேன்.”

“புழுதான் வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரியாது. சரி. இவங்களுக்குமா தெரியாது?” என்றார் காசிமிரா.

“கொஞ்சம் செத்தா மறுபடி பெருகிடும்னு நெனச்சோம்” என்றார் ஒருவர். “தலைவர் கேட்டா குடுக்கணும். ஊர் வழக்கம்” என்றார் இன்னொருவர். “அதுக்கப்புறம் நாறிப்போச்சு. ஊரே பண்ணினதுன்னு தெரிஞ்சா குழாய் வராது. ஒரு ஆள் தப்புன்னா…” என்று மூன்றாமவர் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன்யா, இன்னைக்கு நான் வாயில வெச்சதை நீங்க யாரும் வெச்சிருக்க மாட்டீங்க. சத்தியமா சொல்றேன், நீங்க பண்ணினதுக்கு அது எவ்வளவோ தேவலாம்!” என்று கத்தினேன். உண்மையாகவே சொன்னேன். ஒரு விதவையை நடுவில் நிறுத்திவிட்டு ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால், அந்தத் தொட்டி எனக்குச் சுத்தமாகவே தெரிந்தது.

பசிலியா இரண்டடி முன்னால் வந்தாள்.

“எல்லார் வீட்டுலயும் கேட்டீங்க” என்றாள் மெலித்தோனிடம். “என் வீட்டுல ஏன் கேக்கல?”

“நீ சந்தைக்குப் போயிருந்தே.”

“நான் சந்தைக்குப் போறதுக்கு முதல் நாள் என் பக்கத்து வீட்டுல டப்பா வாங்கினீங்க. அவ வெளிய எடுத்துட்டு வந்ததை நான் பார்த்தேன். வயலுக்குன்னு நெனச்சேன். சொல்லுங்க, என்கிட்ட ஏன் கேக்கல?”

மெலித்தோன் கோலின் வெள்ளிப் பூணை விரலால் தேய்த்தார். “கேட்டா வேண்டாம்னு சொல்லுவே” என்றார் கடைசியில்.

“அப்போ தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க.”

காசிமிரா தலைவரைப் பார்த்து, “கூட்டம் எதுக்குக் கூடிச்சோ அதை முடிங்க” என்றார். மெலித்தோன் கோலைத் தூக்கிப் பிடித்து, மலைச்சரிவு வயல் பசிலியா யாங்கேவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் உரியது, அதை யாரும் தொடக் கூடாது என்று உரக்கச் சொன்னார். எல்லாக் கைகளும் சட்டென்று உயர்ந்தன. சற்று முன் அவள் நிலத்தைப் பிடுங்க எப்படி உயரத் தயாராக இருந்தனவோ, அதே வேகம்.

அவள் நன்றி சொல்லவில்லை. “தொட்டியைக் காலி பண்ணணும்” என்றாள். “தூள் குடுத்த டப்பாவை எடுத்துட்டு வாங்க. வீட்டுக்கு ஒரு ஆள். செத்ததையெல்லாம் அள்ளி வெளிய கொட்டுங்க.”

சிலர் எழுந்தார்கள். சிலர் எழுகிற மாதிரி அசைந்தார்கள்.

“அப்புறம் புதுப் புழு?” என்று கேட்டார் மெலித்தோன். “அதுக்கு எங்க போறது?”

“சோரோமாவுல அதே மாதிரி தொட்டி இருக்கு. அங்க போய்க் கேக்கணும்.”

முற்றமே முனகியது. சோரோமா பக்கத்து ஊர், எல்லைத் தகராறில் தலைமுறையாக ஜென்மப் பகை.

“ஏன் வேணும், உங்களோடது எப்படிச் செத்துச்சுன்னு கேப்பாங்களே” என்றார் மெலித்தோன்.

“கேப்பாங்க. சொல்லுங்க.”

“நான்… தனியாவா போகணும்?”

“எதுக்குத் தனியா? ஊரே சேர்ந்து பண்ணின வேலைதானே. கூட்டிக்கிட்டுப் போங்க.”

மெலித்தோன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “யார் கூட வர்றீங்க?”

ஒரு கைகூட உயரவில்லை. ஆண்கள் பெஞ்சைப் பார்த்தார்கள், பெண்கள் பாவாடையை. காற்று முற்றத்துத் தூசியைக் கிளப்பிவிட்டுப் போனது. மெலித்தோன் அந்தச் சிவப்புப் போன்ச்சோவுக்குள் சுருங்கிக்கொண்டே போனார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

பசிலியா ஒரு பெருமூச்சு விட்டாள். சுவரோரம் கிடந்த காலி வாளியை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள்.

“நடங்க, நானும் வர்றேன்” என்றாள். “உங்களைத் தனியா விட்டா, அதுங்களையும் வழியிலேயே கொன்னுடுவீங்க.”